பேரும் நிறையும்: மலையகச் சிறுகதையில் எண்ணப்படும் மதிப்பு

பசறை, நமுனுகுல, லுணுகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், சம்பள நாளை அண்டிய மாலைகளில் வழங்கும் உரையாடலொன்றை வெளியார் கேட்பின் அதன் பொருளைத் தவறாகவே கொள்வர். “இந்த மாசம் எத்தன பேரு?” என்பது வினா. “இருவத்தொன்னரை” என்பது விடை. ஆட்களைக் குறித்த கேள்வியாயின் அரை ஆள் என்பதற்கு இடமில்லை. பெயர்களைக் குறித்த கேள்வியாயின் பாதிப் பெயர் என்பதற்கும் இடமில்லை. ஆயினும் தோட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. செக்ரோல் எனப்படும் பதிவேட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே பதியப்படும் ஒரு நாள் வேலையே அங்கு ‘பேர்’ எனப்படுகின்றது. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப்பேர். எடுக்கத் தவறியவருக்கு அரைப்பேர். ஒரு மாதத்தின் மழையும் வெயிலும் அட்டைக்கடியும் இறுதியில் இருபத்தொன்றரைப் பேராகச் சுருங்கிவிடுகின்றன.

தமிழ்ப் பொதுவழக்கில் ‘பேர்’ என்னுஞ் சொல் மூன்று பொருளில் வழங்குவதை யாவரும் அறிவர். ஒருவரைப் பிறரிலிருந்து வேறுபடுத்திச் சுட்டுவது ஒன்று. ‘பத்துப் பேர்’ என்றாற்போல மனிதரை எண்ணுவது மற்றொன்று. ‘பேரெடுத்தாள்’, ‘பேரைக் கெடுத்தான்’ என்பவற்றில் உள்ளவாறு ஊரார் மதிப்பைக் குறிப்பது பிறிதொன்று. மலையகத் தோட்ட வழக்கு இவற்றோடு நான்காவதாக, ஒரு நாள் உழைப்பு என்னும் பொருளைச் சேர்த்துள்ளது. இந்நான்காவது பொருள் தனித்து நிற்பதன்று. முதல் மூன்றையும் ஒரு பென்சில் கோட்டுக்குள் அடக்கி, கூட்டவும் கழிக்கவும் பாதியாக்கவும் கூடிய அலகாக மாற்றியதன் விளைவே அது. ஒருவரின் மதிப்பு அலகுகளாக எண்ணப்படத் தொடங்கியதும், அம்மதிப்பு யாருடையது, எண்ணப்பட்டவருடையதா, எண்ணுபவருடையதா என்னும் வினா எழுகின்றது. பள்ளிக்கூடப் புள்ளியிலிருந்து இலக்கியப் பரிசு வரை, மதிப்பைப் புள்ளியாக்கும் முறைமை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இவ்வினாவும் உண்டு. எனினும் தோட்டத்தைப்போல அதனை ஒளிவுமறைவின்றிக் காட்டும் இடம் வேறில்லை. மலையகச் சிறுகதை இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயரைப் பெறுமதியாகக் கொள்ளும் வழக்கு நம்மிடையே புதியதன்று. வீழ்ந்த வீரனின் பெயரைக் கல்லிற் பொறித்து நட்ட சமூகம் நம்முடையது. பாணரும் புலவரும் புரவலரின் பெயரைப் பாட்டில் நிறுத்தினர். புரவலர் அதற்கு உணவும் பொன்னும் ஈந்தனர். 1968இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலிலே கைலாசபதி இப்பாடல்களை அவற்றைத் தோற்றுவித்த சமூக வாழ்வோடு பொருத்திக் காட்டியமை ஆய்வாளர் அறிந்ததே. அவ்வழி நோக்குமிடத்து, புகழ் என்பது அன்று ஒருவகைப் பரிமாற்றம் என்பது புலனாகும். ஆனால் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அங்கே பெயரைத் தருபவன் ஒருவன். களஞ்சியத்தை உடையவன் வேறொருவன். ஒருவனுக்கு மற்றவன் தேவைப்பட்டான். ஈயாத மன்னனைப் பழித்துப் பாடிவிட்டு வெளியேறும் புலவரையும் புறநானூற்றிற் காண்கிறோம். தோட்டத்திலோ பெயரை எழுதுபவரும் கூலியைக் கொடுப்பவரும் ஒரே தரப்பினர். பழித்துவிட்டு வெளியேறுவதற்கு வாயில் இருக்கவில்லை.

வாயில் இருக்கவில்லை என்பது அணிக்காகச் சொல்லப்பட்டதன்று. கங்காணி முறையின் கீழ்த் தொழிலாளி தோட்டத்துக்கு வரும்போதே கடனோடு வந்தான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் அக்கடன் இவ்வளவு என எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அதனைத் தீர்த்தால்தான் ஆள் கைமாறுவான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒரு தொழிலாளியின் ‘மதிப்பு’ என்பது அவன்மீது ஏற்றப்பட்டிருந்த கடனின் அளவே. பெரிய கங்காணிக்கோ, தன் ஆட்கள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை சதம் எனத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே செக்ரோலில் விழுந்த ஒவ்வொரு பேரும், அதற்குரியவனின் வயிற்றை அடையுமுன் மற்றொருவனுக்கு வருமானமாயிற்று. அதிகாலையிற் பிரட்டுக்களத்தில் நிரையாக நின்று பெயர் கொடுக்கும் வழக்கத்தை இப்பின்னணியில் நோக்கல் வேண்டும். படைமுகாமிலிருந்து வந்த இச்சொல், எண்ணப்படுவதற்காக நிற்றலையே முதன்மையாகக் குறிக்கின்றது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1960களின் தொடக்கத்திலே பத்திரிகையில் வெளிவந்து, 1980இல் அதே பெயர் கொண்ட தொகுதியில் இடம்பெற்ற கதை. மலையகச் சிறுகதை தன் சொந்தக் காலில் நின்றமைக்கு அடையாளமாக இதனைச் சுட்டுவது விமரிசகர் வழக்கம். அவ்வழக்கம் பிழையன்று. அதற்கு முன் மலையகத்தைப் பற்றி எழுதியோரிற் பலர் லயத்தை வெளியில் நின்று பார்த்து இரங்கினர். இராமையா மலைக்குள் நின்று பேசினார். நிரை பிடித்தல், கூடை நிரப்பல், கொழுந்து நிறுத்தல் ஆகிய தொழில்நுணுக்கங்களே அக்கதையின் கட்டுக்கோப்பாக அமைந்தன.

கதையின் கரு யாவரும் அறிந்தது. வழக்கத்தை மீறிய நிறையில் ஓரிளம்பெண் கொழுந்து பறிக்கிறாள். அந்நிறை நம்பப்படவில்லை. இளம் கணக்கப்பிள்ளைக்கும் அவளுக்கும் இடையிலுள்ள நேசத்தோடு அவ்வெண்ணை முடிச்சிட்டு ஊர் பேசுகின்றது. அவள் தன் கைத்திறத்தினாலேயே அப்பேச்சை வாயடைக்கச் செய்கின்றாள். உழைப்பின் வெற்றி, பெண்ணின் தன்மானம் என்றவாறு இக்கதை பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பு கதையின் மேற்பரப்பைச் சரியாகவே கூறுகின்றது. ஆனால் கதையினுள்ளே அதற்கு மேலான ஒன்று இயங்குவதாக எனக்குத் தோன்றுகின்றது.

மூன்று கைகள் இக்கதையிற் சம்பந்தப்படுகின்றன: பறிக்கும் கை, தராசைப் பிடிக்கும் கை, எழுதும் கை. முதலாவது தொழிலாளியினுடையது, மற்றை இரண்டும் தோட்டத்தினுடையவை. பறித்த கை செய்ததை எழுதிய கையே உலகுக்கு அறிவிக்க முடியும். எனவே எழுதிய கைமீது ஐயம் எழுமாயின், பறித்த கையும் கூடவே களங்கமுறுகின்றது. இலட்சுமி செய்த குற்றம் எதுவுமில்லை. செய்யக்கூடிய குற்றமும் எதுவுமில்லை, ஏனெனில் பென்சில் அவளிடம் இல்லை. ஆயினும் கெட்டது அவள் பேர். அதிகமாக எழுதப்பட்டதாயின் ஐயத்துக்குரியவன் எழுதியவனல்லவா? ஊர் அவ்வாறு கேட்கவில்லை. எழுதுபவனின் பிழையை எழுதப்பட்டவளின் ஒழுக்கமாகவே ஊர் வாசித்தது. கணக்கு நூல் தன்னிடம் இல்லாதவர்க்கு, அந்நூலின் வரவு மட்டுமன்றி அதன் சந்தேகமும் பங்காக வந்து சேர்கின்றது.

ஊரின் வம்பை வெறும் பொறாமை என ஒதுக்கிவிடலும் இயலாது. கொழுந்து நிறுக்குமிடத்தில் எண் எவ்வாறு உருவாகின்றது என்பதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். தண்ணீருக்கென்று இவ்வளவு, கூடைக்கென்றோ சாக்குக்கென்றோ இவ்வளவு எனக் கழிக்கப்படுவதை அன்றாடம் காண்பவர் அவர்கள். எண் என்பது தராசிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. முகத்தைப் பார்த்தும் பிறக்கின்றது என்பது அவர்களின் அனுபவ அறிவு. குறைத்து எழுத வல்ல பென்சில் கூட்டியும் எழுதலாம் அல்லவா? ஆகவே அவ்வம்பினுள்ளே முறைமை பற்றிய உண்மையான அறிவொன்று உறைந்து கிடக்கின்றது. அவ்வறிவு கணக்கப்பிள்ளையின் அதிகாரத்தை நோக்கித் திரும்பாமல், அருகில் நிற்கும் சக தொழிலாளியை நோக்கித் திரும்புவதே துயரம். இக்கதையின் மிக நுண்ணிய சமூக அவதானம் இதுவே என்பேன்.

களங்கம் துடைக்கப்படும் முறையும் கூர்ந்து நோக்கற்பாலது. ஒரு பெண்ணின் நற்பெயரை மீட்க ஊர் அறிந்த வழிகள் வேறு பல உண்டு. கோயிலிற் சத்தியம் செய்யலாம், பெரியவர் கூடிப் பேசலாம். இக்கதையில் அவளுக்கிருக்கும் ஒரே வழி மீண்டும் பறித்தல். அதாவது ஐயத்துக்கு விடையாக அவள் தரக்கூடியது இன்னுமொரு கூடைக் கொழுந்து மட்டுமே. முதற்கூடையும் தொழிற்சாலைக்கே போயிற்று. அதனை மெய்ப்பிக்கப் பறித்த கூடையும் அங்கேயே போகும். அவள் வென்றாலும் தோற்றாலும் தோட்டத்துக்கு நட்டமில்லை. தொழிலாளியின் மானம் முழுவதும் கொழுந்தாக நிறுக்கத்தக்கதாய்விட்ட ஓர் உலகத்தை, எவ்விதக் கோஷமும் எழுப்பாமல் இராமையா நம் முன் நிறுத்திவிட்டார்.

‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலையளவுக் கூலி பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் கூறுவது இங்கு நினைவுகூரத்தக்கது. செய்த பொருளின் அளவுக்கேற்பக் கூலி தரப்படும்போது தொழிலாளியின் தனித்திறனும் தன்மதிப்பும் சுயேச்சை உணர்வும் வளர்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. அதே வேளையில் அம்முறை தொழிலாளரிடையே போட்டியை மூட்டுவதையும், தனியொருவரின் கூலி உயரும்போதே பொதுச் சராசரியைத் தாழ்த்த முனைவதையும் எடுத்துக் காட்டினார். இரண்டும் ஒருங்கே உண்மை என்பதுதான் இதில் முக்கியம். இலட்சுமியின் தன்மானம் பொய்யன்று. மெய்யான ஆற்றலின் மெய்யான பெருமிதம் அது. ஆனால் அப்பெருமிதம் அடுத்த நிரையில் நிற்பவளைச் சோம்பேறி ஆக்குகின்றது. ‘அவளால் முடியுமாயின் உன்னால் ஏன் முடியாது?’ என்பது எக்காலத்திலும் துரைமாரின் வாயில் ஆயத்தமாக இருக்கும் கேள்வி. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியபின், நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என நிறையை உயர்த்துவது பற்றிப் பல தோட்டங்களிலே பிணக்குகள் எழுந்தன. அந்நிறையை எட்டாதவர்க்கு அரைப்பேர் விழுந்தது. ஆற்றல்மிக்க ஒருத்தியின் பறிப்பு, அளவுகோலாக மாறி மற்றவளின் பேரைப் பாதியாக அறுக்கின்றது. இதனை ஆசிரியர் கருதினாரா என்பது வேறு கேள்வி. தம் அனுதாபங்களையும் மீறிப் பால்சாக் தம் காலத்து உண்மையை எழுதினார் என்று 1888இல் எங்கெல்ஸ் குறிப்பிட்ட யதார்த்தவாதத்தின் வெற்றி, இராமையாவுக்கும் பொருந்தும்.

பேரைப் பெருக்குவதற்கு நிருவாகங்கள் கையாண்ட உபாயங்களில் வருகைக் கொடுப்பனவு தனித்து நோக்கத்தக்கது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்குரிய 620 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. 140 ரூபா வருகைக்கான ஊக்குவிப்பு. எஞ்சிய 30 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்கு வந்தவருக்கே அந்த 140 ரூபா. காய்ச்சலினாலோ பிள்ளையின் நோயினாலோ ஒரு பேர் குறைந்து அவ்வெல்லையிலிருந்து வழுவினால், இழப்பது ஒரு நாட் சம்பளமன்று. வந்த நாட்கள் அனைத்துக்குமுரிய ஊக்குவிப்பு. 2016இல் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 என 730 ரூபாவாயிற்று. 2019இல் வருகை, உற்பத்தி ஊக்குவிப்புகள் நீக்கப்பட்டு, 700 ரூபா அடிப்படையும் 50 ரூபா விலைப்பங்கும் எஞ்சின. இவ்வெண்களை இலக்கியக் கட்டுரையிற் கூறுவதேன் எனச் சிலர் வினவலாம். சம்பளமும் நன்மதிப்பும் இருவேறு பொருள்கள் என்பதை இவ்வெண்களே சொல்கின்றன. அடிப்படைச் சம்பளம் ஊழியர் சேமலாப நிதியிற் சேரும். முதுமையிற் கைக்கு வரும். வருகை ஊக்குவிப்பு அதிற் சேரவில்லை. ‘நல்ல தொழிலாளி’ என்னும் பாராட்டுக்கு வயதுகாலத்திற் பெறுமதி இல்லை. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதனோடு வருகைக்கென 200 ரூபாவை அரசாங்கமே வழங்கவும் முன்மொழிந்தது. வருகைக்கான வெகுமதி ஏழாண்டுகளுக்குள் வேறொரு கையினால் மீண்டு வந்துள்ளது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவைப் பின்பற்றி, மதிப்பையும் ஒருவகை மூலதனமாகக் கருதும் போக்கு இன்று பல்கலைக்கழகங்களிற் பரவியுள்ளது. பேராசிரியருக்கும் பிரபலருக்கும் அது பொருந்தலாம். அவர்களின் பேர் அவர்களோடு நகரும். ஓரிடத்தில் ஈட்டியதை இன்னோரிடத்திற் செலவிடலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் பேர் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதில்லை. பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு பசறையிலிருந்து அப்புத்தளைக்குப் போனால், இருபது வருடத்து முழுப்பேர்கள் அனைத்தும் பழைய செக்ரோலில் தங்கிவிடும். புதிய தோட்டத்தில் முதல் நாளே முதற் கணக்கு. கைமாற்ற முடியாததும், எடுத்துச் செல்ல முடியாததும், பெருக்க முடியாததுமாகிய ஒன்றை மூலதனம் என்பது சொற்சிலம்பமே. அண்மைக் காலத்திலே கொழுந்து பறிப்போருக்குப் போட்டிகள் வைத்துப் பரிசளிக்கும் விழாக்கள் நடைபெறுகின்றன. பரிசு பெறும் பெண்களின் மகிழ்ச்சியை யாரும் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் மறுநாட் காலையில் அவர்களும் அதே பிரட்டிற்றான் நிற்பர்.

தோட்டத்துப் பேர் தோட்டத்துக்கு வெளியே செல்லாது என்பதன் கொடிய வடிவம் குடியுரிமைப் பிரச்சினையிலே வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளைத் தொகுதி அவற்றுள் ஒன்று, அங்கு தெரிவானவர் எஸ். எம். சுப்பையா. தலவாக்கலையில் தெரிவானவர் பிற்காலத்தில் மலையக இலக்கியத்தின் முதல்வர்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் ஏழாண்டு அல்லது பத்தாண்டு தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்தமையை எழுத்துச் சான்றால் நிறுவுமாறு கேட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். செக்ரோலில் ஆயிரக்கணக்கான பேர் உடையவர்க்கு இடாப்பில் ஒரு பெயரும் இல்லாது போயிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்திலே இம்மக்கள் மீண்டும் தொகையாகவே தோன்றினர்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம். ‘பேர்’ என்னும் சொல்லிலிருந்து பெயரை உரித்தெடுத்தால் எஞ்சுவது தொகை மட்டுமே என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

இவ்வாறு கூறுவதால், ஊவாவின் தொழிலாளர் எண்ணப்படுவதற்கு மாத்திரம் நின்றவர்கள் என்று கொள்ளலாகாது. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில், ஊவாவெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கத்தைச் சார்ந்த தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அச்சபையோடு கலந்தாலோசித்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை இணங்கவும் வேண்டியிருந்தது. அடக்கவந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டமையும் வரலாறு. அவ்வெழுச்சி நீடிக்கவில்லை. எனினும் இக்கட்டுரையின் நோக்கிலே அதன் முக்கியத்துவம் பெரிது. அச்சபைக்கு ஒருவர் தெரிவாவதற்கு அவர் எத்தனை றாத்தல் பறித்தார் என்பது கேட்கப்பட்டிராது. கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு வெளியே, சக தொழிலாளரின் நம்பிக்கையினால் மட்டும் வரும் ‘பேர்’ ஒன்று ஊவா மலைகளிற் சில வாரங்களுக்கேனும் வழங்கிற்று. பின்வந்த காலத்தில் தொழிற்சங்கச் சந்தா செக்ரோலின் வழியே சம்பளத்திற் கழிக்கப்படலாயிற்று. சங்கத்தின் பலம் என்ன என்ற கேள்விக்கும் விடை அதே புத்தகத்தில் எழுதப்பட்டது. தொழிலாளியை எண்ணிய ஏடே அவளின் சங்கத்தையும் எண்ணத் தொடங்கிய பின்னர், சங்கத் தலைவரும் பேருக்குக் கவலைப்படுபவரானார். மலையக நாவல்களிலே தலைவர்மார் பெரும்பாலும் கேலிக்குரிய பாத்திரங்களாக வருவதன் காரணத்தை ஆசிரியர்களின் விரக்தியிற் தேடுவதிலும் இவ்வேட்டிற் தேடுவது பயன் தரும்.

இவையனைத்தையும் தோட்டத்தின்மீது ஏற்றிக் கூறிவிட்டு, இலக்கிய விமரிசனம் தான் மட்டும் தூயது எனப் பாவனை செய்ய இயலாது. நமது துறையிலும் செக்ரோல் உண்டு. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் நடத்திய சிறுகதைப் போட்டிகள் மலையகத்தின் இளைஞர் பலரை எழுத்துக்குக் கொணர்ந்தன. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ எனத் தொகுக்கப்பட்டன. அப்போட்டிகள் இன்றி அத்தலைமுறை இல்லை எனலாம். ஆனால் பரிசுக்குரிய கதை எது என்பதை அறிந்தபின், அதனை நோக்கி எழுதும் பழக்கமும் வளர்ந்தது. கொடிய துரை, குடிகாரக் கங்காணி, கற்பிழக்கும் அபாயத்திலுள்ள கொழுந்துப்பெண் என்றவாறு நிர்ணயித்த நிறைக்குத் துயரம் பறித்துக் கொடுத்த கதைகள் எத்தனையோ. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த முற்போக்கு விமரிசகர் இதற்குப் பொறுப்பற்றவரல்லர். வேலைநிறுத்தம் இருந்தால் முழுப்பேர். இல்லையேல் அரைப்பேர் என்பதாக அவர்களிற் சிலரின் தராசு அமைந்தது. எதிர்த்தரப்பினரோ, மலையக எழுத்தைப் ‘பிராந்திய இலக்கியம்’ எனத் தனி நிரையில் நிறுத்தி, கலைப்பெறுமதி என்னும் கழிவைக் கழித்தபின் நிறுத்தனர். தராசு வேறு; எழுதும் கை தம்முடையதாக இருக்கவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) வரவேற்பை இங்கு எடுத்துக் கொள்ளலாம். பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த அவரின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. ஒற்றையறை லயத்திலே ஒரு குடும்பம் மானத்தோடு வாழ இயலாமையைக் கூறும் ‘மீன்கள்’ சிறுகதையில் கொழுந்தின் நிறையோ செக்ரோலோ மையமன்று. நற்பெயர் என்பதற்குக் குறைந்தபட்சம் ஒரு சுவர் வேண்டும் என்பதே அங்கு பேசப்படுகின்றது. என் மதிப்பீட்டில், இராமையாவின் கதை விட்ட இடத்திலிருந்து இக்கதை தொடங்குகின்றது. இலட்சுமி உழைத்துப் பேரை மீட்கலாம். ‘மீன்கள்’ கதையின் மனிதர் எவ்வளவு உழைத்தாலும் அது மீளாது. ஏனெனில் கெட்டது கணக்கிலன்று, வீட்டின் அமைப்பிலே. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது ஜோசப்புக்குக் கிடைத்தபின் அவர் மீண்டும் ‘கண்டெடுக்கப்பட்டார்’. அவ்விருதினால் அவர் எழுத்து பரந்த வாசகரை அடைந்தமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கதை வெளிவந்து பல்லாண்டுகள் கழிந்தபின், கடல் கடந்து முழுப்பேர் விழும்வரை ஈழத்து விமரிசனம் அக்கதையின் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதியவை எத்தனை பக்கங்கள் என்று தேடிப் பார்த்தல் வேண்டும்.

ஜோசப் தமது பெயரின் முன் வைத்துக்கொண்ட ‘தெளிவத்தை’, பதுளைக்கருகே அவர் ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயர். மலையக எழுத்தாளர் பலர் இவ்வாறே தம் தோட்டத்தை அல்லது ஊரைப் பெயரோடு இணைத்துக்கொண்டனர். இதனை ஊர்ப்பற்று என்று மட்டும் விளக்குவது போதாது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டம்தான் மனிதரின் பெயரைத் தன் ஏட்டில் எழுதிவந்தது. இங்கோ மனிதர் தோட்டத்தின் பெயரைத் தம் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். எழுதும் கை இடம்மாறியுள்ளது. ஆனால் இவ்வாறு எழுதிக்கொண்டோர் பெரும்பாலும் ஆசிரியரும் உத்தியோகத்தருமாகிய ஆண்கள் என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும். கொழுந்து மலையில் நிற்பவரோ பெண்கள். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளிப் பாடிய நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டித் தந்தனர். அரைப்பேர் போட்டவன்மீதுள்ள கோபம் அவற்றிலே நேரடியாகப் பேசுகின்றது. நாட்டார் பாடல் என்பதால் பாடியோர் பெயர் வேண்டப்படுவதில்லை. ஆனால் அப்பாடல்களைப் பாடிய பெண்கள் பெயரற்றவர்களல்லர். அவர்கள் பாடிய ஒவ்வொரு நாளும் அவர்களின் பெயருக்கு நேரே, முழுதாகவோ பாதியாகவோ, ஒரு கோடு விழுந்திருந்தது. பழைய செக்ரோல்கள் இன்னும் எஞ்சியிருக்கும் தோட்டக் காரியாலயங்களுக்குப் பாடல் தொகுப்புகளோடு ஆய்வாளர் எவரேனும் செல்வாராயின், அப்பணியைப் பசறைப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.